நொட்டைக்கு ஒரு மடக்குக் கத்தி

சாலையோரத்தில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் உயரத்தில் விளம்பரப் பலகைகள் நிற்கின்றன அல்லவா? இன்றைக்கு அதில் ஒரு சோப்பு சிரிக்கும், நாளைக்கு அதே இடத்தில் ஒரு செருப்பு சிரிக்கும். சோப்பைக் கழற்றிவிட்டுச் செருப்பை மாட்டுவதற்கு ஒரு மனிதன் ஏறித்தானே ஆக வேண்டும். அந்த மனிதன்தான் இவன். எல்லா வேலையையும் இடது கையால் செய்கிறவன் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் முதலில் நொட்டாங்கை என்றார்கள். அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? நொட்டை என்று சுருக்கிவிட்டார்கள். நொட்டை என்றால் குறை என்றும் ஒரு அர்த்தம் உண்டு. பெயரிலேயே குறையைச் சுமந்துகொண்டு உலகத்தில் எந்தக் குறையும் சொல்லாமல் காலம் தள்ளிய அப்பிராணி அவன். அந்தக் கத்தி விவகாரம் வரும் வரைக்கும்.

அவர்கள் தொழிலில் இரண்டே ஜாதி. மேலாள், கீழாள். மேலாள் இரும்புச் சட்டத்தில் ஏறி, பழைய பேனரைக் கட்டியிருக்கும் கயிறுகளை அறுத்து, புதியதை இழுத்துக் கட்டுவான். கீழாள் தரையில் நின்று கயிறு பிடிப்பான், போகிற வருகிற வண்டிகளிடம் வசவு வாங்குவான். நொட்டை மேலாள். அவனோடு ஏறுகிறவன் கொக்கு. கால் நீளத்தைப் பார்த்து வைத்த பெயர். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால், படுக்கைக்கு விரிப்பு போடுகிற மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் பேனர் விரியும்.

மேலே ஒரு கை இரும்புக்குச் சொந்தம். அதை எடுத்தால் உயிர் போய்விடும். மீதி இருக்கிற ஒரே கையால்தான் கத்தியை எடுக்க வேண்டும், திறக்க வேண்டும், அறுக்க வேண்டும், மடக்கிப் பைக்குள் போட வேண்டும். திறந்த கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிய ஒருவன் தன் தொடையையே கிழித்துக்கொண்ட நாளிலிருந்து மேஸ்திரி மடக்குக் கத்தி இல்லாமல் யாரையும் ஏற விடுவதில்லை. ஒடித்து ஒடித்துப் பயன்படுத்துகிற கட்டரும் கூடாது. ஒடிந்த துண்டு கீழே போகிறவர் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது?

நொட்டையிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு தோள்பையின் அடியில் கிடந்தது. பையோடு இலவசமாக வந்த பொருள். அலகில் ஒரு ஓட்டை, முதுகில் அலகு மடங்காமல் பிடிக்கிற ஒரு பூட்டு, பார்க்க எருமைக் குளம்பு மாதிரி. எத்தனையோ வருஷம் அதை ஒரு பொருளாகவே அவன் நினைத்ததில்லை. கால் இருக்கிறவன் காலை நினைப்பானா? ஒரு நாள் வேர்த்த கையிலிருந்து நழுவி, பலகைக்குக் கீழே ஓடிய சாக்கடையில் விழுந்து, ஒரு குமிழி விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

பாலத்து வளைவில் புதிதாக ஒரு பலகை நிறுத்தியிருந்தார்கள். ஊரிலேயே உயரமானது. அதன் முதல் பேனர் அடுத்த வாரம் ஏற வேண்டும். மேஸ்திரி நொட்டையைக் கூப்பிட்டார்.

“கத்தி இல்லாம மேல போயி என்னடா பண்ணுவ, காத்து வாங்குவியா? அதுக்குள்ள நல்ல கத்தியா ஒண்ணு வாங்கிக்க. இல்லன்னா என் மச்சினன் ஏறட்டும். நீ கீழ நின்னு கயிறு பிடி.”

மேஸ்திரியின் மச்சினன் பக்கத்திலேயே நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். ஏறுவதற்குக் காலை எடுத்து வைத்தவன் மாதிரியே அவன் எப்போதும் நிற்பான். கீழே இறங்கியவன் மறுபடி மேலே ஏறிய கதை அந்தத் தொழிலில் கிடையாது. மேலாளாக இருந்து கீழாளாகிப்போனவனை எல்லோரும் ‘பெரியவரே’ என்று மரியாதையாகக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அந்த மரியாதை நொட்டைக்கு வேண்டாம்.

வீட்டில் மின்விசிறி சுற்றாமல் கிடந்தது. அதைச் சரிபண்ண என்று அவன் மனைவி டப்பாவில் கொஞ்சம் பணம் போட்டு வைத்திருந்தாள். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் அவள். விசிறிப் பணத்தைத் தொட வேண்டும் என்றதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், வேலை போனால் எதை வைத்துத் துடைப்பது என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

விசிறிக்கும் மிச்சம் பிடிக்கலாம் என்று அவன் முதலில் போனது நடைபாதைக் கடைக்கு. கத்தி கண்ணாடி மாதிரி மின்னியது. மின்னுவதெல்லாம் பொன் என்று நினைக்கிற வயது அவனுக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் விலை மின்னுகிறபோது மனுஷனுக்குக் கண் மங்கத்தான் செய்யும். மறுநாள் ஒரு குட்டைப் பலகையில் கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கும்போதே, பூட்டில்லாத அந்தக் கத்தி அவன் ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டு மடங்கியது. ரத்தம் பேனரில் சிரித்த சோப்புக்காரியின் கன்னத்தில் சொட்டியது. மேஸ்திரி பேனரைத் துடைக்கச் சொன்னார். விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நான் ஒரு நாளைக்கு மலை மாதிரி துணி மடிக்கிறேன். உனக்கு ஒரு கத்தியை ஒழுங்கா மடக்கத் தெரியல” என்றாள் மனைவி, விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே. கட்டை இறுக்கமாகத்தான் போட்டாள்.

பட்டபின் புத்தி. இந்த முறை பெரிய இரும்புக் கடைக்குப் போனான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். அவர் ஒரு தட்டு நிறையக் கத்திகளை எடுத்து வைத்தார். நொட்டை ஒன்றும் விவரம் கெட்டவன் அல்ல. ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான், உள்ளே லொடலொடப்பு கேட்கிறதா என்று. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அலகு கைப்பிடியின் இரண்டு கன்னத்திலும் உரசாமல் நட்ட நடுவில் உட்கார்கிறதா என்று பார்த்தான். தேறிய ஒன்றைத் திறந்து வைத்து அதன் முதுகை மேசையில் அழுத்தினான், பூட்டு அசையவில்லை. தன் செருப்பு வாரில் தொங்கிய நூலை அறுத்தான், சத்தமில்லாமல் போயிற்று. அலகில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. கட்டை விரலால் தள்ளினால் ‘டக்’ என்று திறந்தது. கை சொடுக்குகிற நேரம்கூட ஆகவில்லை.

தட்டின் ஓரத்தில், சாயம் போய்ச் சாம்பல் பூத்த கைப்பிடியோடு ஒரு கத்தி கிடந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. அதை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டுக் குமிழ் வைத்ததை வாங்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் நடுத்தர உயரத்தில் ஒரு பலகை. ஏறினான், வலது கையால் சட்டத்தைப் பிடித்தான், இடது கையால் கத்தியை எடுத்தான். கத்தி திறக்கவில்லை. கட்டை விரல் குமிழைத் தேடுகிறது, குமிழ் போன இடம் தெரியவில்லை. விரலில் கட்டு இருப்பதால்தான் தடவுகிறோம் என்று நினைத்துக் கட்டை அவிழ்த்து எறிந்தான். அப்போதும் இல்லை. கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தான். அறுத்து முடித்தபின் மடக்குவதற்கு இன்னொரு பாடு. அலகைப் பிடித்திருந்த பூட்டுத் தகடு எதிர்ப்பக்கமாக நின்றுகொண்டு வர மாட்டேன் என்றது. இரும்பை முழங்கை மடிப்பில் அணைத்துக்கொண்டு இரண்டு கையாலும் மடக்க வேண்டியிருந்தது. கீழே மேஸ்திரியின் மச்சினன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

இறங்கி வந்து, “இங்க பாரு” என்று கொக்கிடம் எடுத்துக் காட்டினான். ‘டக்’ என்று திறந்தது.

“கத்திக்கு உயரம்னா பயம்டா. பாவம், இறக்கி விடு” என்றான் கொக்கு.

கடைக்குத் திரும்பப் போனான், திறக்கவில்லை என்றான். கடைக்காரர் வாங்கித் திறந்தார், டக். நீயே திற என்று கொடுத்தார். நொட்டை வாங்கித் திறந்தான், டக். கடையில் நின்ற இரண்டு பேர் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கடைக்காரர் கல்லாப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். கல்லாப் பெட்டிக்கு ஆடத் தெரியாது, ஆகவே அது யாருக்குச் சொன்னது என்று எல்லோருக்கும் புரிந்தது. கெஞ்சிக் கூத்தாடியபின், கூடப் பணம் போட்டால் இதைவிட உயர்ந்த ரகமாக மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார். விசிறிப் பணம் இன்னும் கொஞ்சம் கரைந்தது.

அந்த உயர்ந்த ரகம் எண்ணெயில் ஊறிய மாதிரி வழுக்கிக்கொண்டு திறந்தது, கடையில். மேலே போனதும் அதே கதை. குமிழ் ஒளிந்துகொண்டது, தகடு முறைத்துக்கொண்டது, பல்தான் கதி. இந்த முறை முன்பல் ஓரம் பெயர்ந்தது. பல்லின் துகளைத் துப்பிவிட்டு, தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, கை நடுங்குகிறதோ, வயசாகிவிட்டதோ, மச்சினன்காரன் கண் பட்டுவிட்டதோ என்று மருகினான். மறுபடி கடைக்குப் போனபோது கொக்கும் கூட வந்தான். கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

“ஏம்ப்பா, நொட்டை சொல்றதுக்குன்னே பொறந்தியா நீ?”

கொக்கு சிரித்த சிரிப்பில் ஆணி டப்பா ஒன்று கவிழ்ந்தது. ஐயா, அவன் பேரே அதுதான் என்றான். நொட்டை ஆணிகளைப் பொறுக்கி வைத்துவிட்டு, அதே கத்தியோடு வந்துவிட்டான்.

அவன் அம்மா இடக்கைப் பழக்கத்தை மாற்றப் பெரும்பாடு பட்டவள். கொதிக்கிற வெந்நீரும் பழுக்கக் காய்ச்சிய கரண்டியும்கூட அந்தப் பாடுகளில் உண்டு. சாப்பாட்டை வலது கைக்கு மாற்றினாள். யார் எதைக் கொடுத்தாலும் சோத்துக் கையால் வாங்கு, யாருக்கு எதைக் கொடுத்தாலும் சோத்துக் கையால் கொடு. பீச்சாங்கையை நீட்டினால் மணிக்கட்டில் ஒன்று விழும். எழுத்தும் எறிவதும் அறுப்பதும் மட்டும் அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று, மணிக்கட்டில் அடி இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒருவர் முன்னால் நிற்கும்போது அவனுடைய இடது கை தானாகவே பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இது அவனுக்கே தெரியாது. மூச்சு விடுவது தெரிந்தா விடுகிறோம்?

பாலத்துப் பலகைக்கு முந்தின நாள் சாயங்காலம். சுற்றாத விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவனும் மனைவியும் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் கயிறு கட்டிய ஒரு பழந்துணிப் பொட்டலம் கிடந்தது. அவன் எதிரே உட்கார்ந்து, கத்தியை அவளிடம் நீட்டி நீட்டிக் காட்டினான்.

“இப்ப பாரு. டக். இப்ப பாரு. டக். மேல போனா மட்டும் சனியன் திறக்காது. நாளைக்கு எனக்குக் கயிறுதான். பெரியவரேன்னு கூப்பிடுவானுங்க.”

அவள் சலித்துக்கொண்டு, காட்டினது போதும், அந்தப் பொட்டலத்துக் கயிறை அறு என்றாள். அவன் கத்தியை மடக்கித் தரையில் வைத்தான். பொட்டலத்தை வலது கையால் அமுக்கிப் பிடித்தான். கத்தியை எடுத்தான். திறக்கவில்லை. தடவினான், திருப்பினான், வாய்க்குக் கொண்டுபோனான்.

“அப்படியே இரு” என்றாள் அவள். “இப்ப எந்தக் கையில வெச்சிருக்க?”

அவன் பார்த்தான்.

“எனக்குக் காட்டினது எந்தக் கை? கடையில வாங்கிப் பார்த்தது எந்தக் கை?”

அவன் வாயிலிருந்து கத்தியை எடுத்தான். வலது கைக்கு மாற்றினான். டக். இடது கைக்கு மாற்றினான். குமிழ் உள்ளங்கைப் பக்கம் போய்ப் பதுங்கிக்கொண்டது. கட்டை விரலுக்குக் கிடைத்தது வழுவழுப்பான அலகு மட்டும்தான். செருப்புக்கு இடம் வலம் உண்டு, சட்டைக் கைக்கு உண்டு. கத்திக்கு உண்டு என்று எவன் கண்டான்? பழைய எருமைக் குளம்பு அந்த வித்தியாசம் பார்த்ததே இல்லையே.

“சாப்பிடற கையால வாங்கிட்டு வந்து, சாப்பிடாத கையால அறுக்கற. கத்தி என்ன செய்யும்?” என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த விசிறிப் பணத்தைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். கடை சாத்துவதற்குள் போகலாம் என்றாள்.

கடைக்காரர் அவனைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார், பார்க்க விருப்பமில்லாத மாதிரி. பயன்படுத்திய சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னார். வேண்டாம், வேறு பார்க்கிறோம் என்றாள் அவள். அவர் தட்டை எடுத்து, மேலே கிடந்த கத்தியை நீட்டினார்.

நொட்டை இடது கையை நீட்டினான். நீட்டும்போதே மணிக்கட்டு கூசியது.

கடைக்காரர் கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “எந்தக் கைய நீட்டற? வியாபாரம் நடக்கற இடம்ப்பா இது.”

நொட்டையின் கை பாதியில் மடங்கிவிட்டது. எந்தக் கத்தியும் அவ்வளவு வேகமாக மடங்கியிருக்காது. அவள்தான் முன்னால் வந்தாள்.

“அண்ணே, காசு சோத்துக் கையாலதான் குடுப்பாரு. ஆனா அறுக்கறது அந்தக் கைதான். அது தொட்டுப் பார்க்காம வாங்கித்தான் என் வீட்டு விசிறி நின்னு கிடக்குது. நீங்க கையில குடுக்க வேணாம், மேசை மேல வெச்சிடுங்க. அவரே எடுத்துக்குவாரு.”

கடைக்காரர் யோசித்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, எதிர்ச்சுவரில் தொங்கிய குழாய் வளைவுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

முதல் தடவையாக ஒரு கடையில் நொட்டை இடது கையால் பொருளைத் தொட்டான். தொட்டதெல்லாம் சண்டை பிடித்தது. ஒன்றுக்குக் குமிழ் அந்தப் பக்கம். ஒன்றுக்கு நகம் வைத்துத் திறக்கிற பள்ளம் அந்தப் பக்கம். ஒன்று எப்படியோ திறந்தது, ஆனால் மடக்கத் தகடு ஒத்துழைக்கவில்லை. பூட்டே இல்லாத ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் அவன் விரல் தானாகப் பின்வாங்கியது. கத்தரி, திருகாணி, மூடி திறப்பான் எல்லாம் சேர்ந்த ஒன்றில், எதைத் திறந்தாலும் கத்தி மட்டும் வரவில்லை. உலகத்தில் கத்தி செய்கிறவன் அத்தனை பேரையும் தன் அம்மாவே வளர்த்திருப்பாளோ என்று அவனுக்குத் தோன்றியது. தட்டைத் தள்ளிவிட்டு, வா போகலாம், கயிறே பிடித்துக்கொள்கிறேன் என்றான்.

அவள் நகரவில்லை. “அதோ, ஓரத்துல ஒண்ணு கிடக்குதே” என்றாள்.

சாம்பல் பூத்த கைப்பிடி. முதல் நாளே அவன் ஒரு விரலால் ஒதுக்கியது. எரிச்சலோடு எடுத்தான். அலகில் குமிழ் இல்லை, பள்ளம் இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஊடுருவிப் போகிற ஓர் ஓட்டை இருந்தது. இடது கட்டை விரலை அதில் வைத்தான். வெளியே நிற்கிறவர் யார் என்று கேட்காமல் கதவு திறந்த மாதிரி அலகு வெளியே வந்தது. பூட்டு முதுகில் இருந்தது. எந்தக் கையால் பிடித்தாலும் முதுகு முதுகுதானே. அமுக்கி, அலகைத் தொடையில் தட்டினான், மடங்கியது. காதருகே ஆட்டினான், சத்தமில்லை. வெளிச்சத்தில் பிடித்தான், நடுவில்தான் உட்கார்ந்திருந்தது. மேசையில் முதுகை அழுத்தினான், மறுபடி அழுத்தினான், மேசைதான் முனகியது.

அவள் விலை கேட்டாள். முதலில் வாங்கிய குமிழ்க் கத்தியைவிடக் குறைவு. யாருமே கேட்காமல் கிடந்த சரக்கு என்றார் கடைக்காரர். அன்றைக்கே இதை எடுத்திருந்தால் விசிறி சுற்றியிருக்கும், பல் முழுசாக இருந்திருக்கும். நொட்டைக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கடைக்காரர் கத்தியைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். நொட்டை வலது கையால் பவ்வியமாக வாங்கிக்கொண்டான். இப்போதுதான் ஒழுங்கு என்பது போல அவர் தலையாட்டினார். கடைக்காரர் திரும்ப எடுக்காத உயர்ந்த ரகக் கத்தியை அவள் எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் அதை ஒரு கையால் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தாள். எனக்கு நல்லாத்தானே திறக்குது என்று அவள் சொன்னபோது, அவன் பத்தடி முன்னால் போய்விட்டான்.

மறுநாள் பாலத்து வளைவில் காற்று ஆளைத் தூக்கியது. மேஸ்திரி கத்தியைக் காட்டு என்றார். நொட்டை இடது கையால் எடுத்து, இடது கையால் திறந்து, இடது கையாலேயே மடக்கிக் காட்டினான். மேஸ்திரி கைப்பிடியைப் பார்த்து, இதுக்குத்தானா இத்தனை நாள் என்றார். ஆனால் ஏறு என்றும் சொன்னார். மச்சினன் கயிற்றுச் சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

மேலே போனால் ஊர் முழுக்கத் தெரிகிறது, பாலத்தில் வண்டிகள் தீப்பெட்டிகள் மாதிரி நகர்கின்றன. நொட்டைக்கு எதையும் பார்க்க நேரமில்லை. ஒரு கை இரும்பில், ஒரு கை கயிற்றில். மூலைக் கட்டு, நடுக் கட்டு, இழுப்புக் கட்டு. மீந்த நுனிகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே வந்தான். கட்டை விரல் போன இடத்தில் ஓட்டை இருந்தது. ஒரு தடவைகூட அவன் குனிந்து பார்க்கவில்லை.

எதிர்ப் பக்கத்திலிருந்து கை எட்டுகிற தூரத்துக்கு நகர்ந்து வந்து கொக்கு கூப்பிட்டான். அவன் கத்தி துருப்பிடித்து இறுகிவிட்டதாம், உன்னுடையதைக் கொடு என்றான். நொட்டை மடக்கி நீட்டப் போனான், பாதியில் நின்றான். வலது கை இரும்பில் இருந்தது. நீட்டியிருந்தது மற்றது. மணிக்கட்டு பழையபடி கூசியது.

“குடுடா. இங்க எவன் பார்க்கறான்?” என்றான் கொக்கு, தன் நீளக் கையை இன்னும் நீட்டி.

நொட்டை இடது கையாலேயே கொடுத்தான். காற்று ஒன்றும் சொல்லவில்லை, இரும்பு ஒன்றும் சொல்லவில்லை. கொக்கு வாங்கிக் கட்டை விரலால் தள்ளிப் பார்த்தான், கைப்பிடியைப் புரட்டிப் பார்த்தான், முகம் சுளித்தான்.

“என்னடா, பார்க்க ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் இறுக்கமா வேற திறக்குது.”

“நொட்டை சொல்லாத. கயிறை அறு” என்றான் நொட்டை.